வானவடி வீட்டு மெஷின்

போன வாரம் நான் நம் கம்ப்யூட்டர் கடைக்கு வந்திருந்தபோது உங்களில் இரண்டு பேர் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். கிராபிக்ஸ் கார்டு இல்லாத கேமிங் மெஷின் வேண்டும் என்று யாரோ ஒரு கஸ்டமர் கேட்டுவிட்டுப் போனாராம். "கார்டு இல்லாம கேமா? அதுக்கு ஒரு கேரம் போர்டு வாங்கிக்கலாமே" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஓய்வு பெற்ற பிறகு கடையில் எனக்கு ஒரு நாற்காலி உண்டு, அதிகாரம் கிடையாது. அதனால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். நான் வாயை மூடிக்கொண்டேன் என்பதைப் பழைய ஆட்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன். தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கு இந்தியிலோ மராத்தியிலோ சொல்லிவிடுங்கள்.

இன்டக்ரேட்டட் கிராபிக்ஸ் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கடைக்கு வரும் அம்மாக்களிடம் நான் இப்படித்தான் சொல்வேன்: படம் வரையும் வேலைக்குத் தனியாக ஒரு கார்டு வாங்கி மாட்டாமல், பிராசசரே தன் உள்ளுக்குள் அந்த வேலையையும் பார்த்துக்கொள்கிறது. அதற்குத் தனிக்குடித்தனம் கிடையாது, மெஷினின் ரேமையே பங்கு போட்டுக்கொள்ளும், அதனால் ஒன்றுக்கு இரண்டு ஸ்டிக் ரேமாகப் போட்டால் சண்டையில்லாமல் ஓடும். படம் கொஞ்சம் சுமாராக இருக்கும். ஆனால் சூடு குறைவு, சத்தம் குறைவு, கரண்ட் குறைவு. இந்த மூன்றில் முதல் இரண்டின் அருமை எனக்கு ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது. மூன்றாவதை ஒரு வீட்டில் போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

சத்தத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கசார்வாடியில் ஒரு ஒர்க்ஷாப் தொழிலாளி, ஒற்றை அறை வீடு. சமையல், தூக்கம், டிவி எல்லாம் அந்த ஒரே அறையில். கடையில் அவருக்குப் பெரிய கார்டு போட்டு அருமையாக ஒரு மெஷின் கட்டிக் கொடுத்தோம். அடுத்த நாளே அவர் மனைவி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, புருஷன் தலையில் மெஷினை ஏற்றி, கடை வாசலில் வந்து நின்றாள். "ஹா டப்பா நக்கோ" என்றாள். இந்த டப்பா வேண்டாம். ஃபேன் சத்தத்தில் குழந்தை தூங்கவே இல்லையாம். அன்றிலிருந்து நம் கடையில் ஒரு சட்டம் போட்டேன். எந்த மெஷினாக இருந்தாலும் ஃபேன் வேகத்தைச் சரிபார்த்து, சத்தத்தைக் குறைத்துவிட்டுத்தான் ஒப்படைக்க வேண்டும். இதற்காக என்னிடம் திட்டு வாங்காத ஆள் நம் கடையில் கிடையாது. இன்னொரு சட்டம், ஹாலில் வைக்கும் மெஷின் என்றால் அந்த ஹாலைப் போய்ப் பார்த்த பிறகுதான் கட்ட வேண்டும். இதற்கும் சிரித்தார்கள். பொண்ணு பார்க்கப் போவது போல ஆன்ட்டி ஹால் பார்க்கப் போகிறார் என்பார்கள்.

அப்படிப் பார்க்கப் போன ஹால்தான் வானவடியில் இருந்தது.

நிவேதா என்று காலேஜில் படிக்கும் பெண். கடைக்கு வந்து, இணையத்தில் பார்த்து எழுதி வைத்திருந்த பாகங்களின் பெயர்களைச் சரசரவென்று ஒப்பித்தாள். நான் தமிழில் பேசியதும் அவள் முகம் மலர்ந்தது, நாக்குத்தான் கொஞ்சம் தடுமாறி, இடையிடையே இந்தியை இழுத்துக்கொண்டது.

"பட்ஜெட் கம்மிதான் ஆன்ட்டி. லேகின் கார்டு பக்கா வேணும். ஹால்ல டிவிகூட கனெக்ட் பண்ணணும்."

"யாரு விளையாடப் போறது? நீயா?"

"அப்பா."

"அப்பா என்ன கேம் விளையாடுவாரு?"

"லாரி ஓட்டற கேம்" என்றாள். "பொருள் ஏத்திக்கிட்டு ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊர் போகணும். அவ்ளோதான். அவருக்கு அது போதும்."

இதற்கு எதற்குப் பக்காவாகக் கார்டு என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. ஹாலைப் பார்க்க வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

கதவைத் திறந்தது அவள் அம்மா. உள்ளே சோபா இல்லை. சோபா இருந்திருக்க வேண்டிய இடத்தில் கட்டில் கிடந்தது. டிவிக்கு நேர் எதிரே, முதுகுக்குத் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் அப்பா. மூக்கில் குழாய். கட்டிலை ஒட்டிய மூலையில் வாடகைக்கு எடுத்த ஆக்சிஜன் மெஷின் 'ம்ம்ம்' என்று ஓடிக்கொண்டிருந்தது. ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நுரையீரல் இறுகிப் போய்க்கொண்டே இருக்கும் வியாதி. கட்டிலில் இருந்து பாத்ரூம் போய் வருவதே அவருக்குப் பெரிய பயணம் என்று அவர் மனைவி சொன்னார்.

ஒரு காலத்தில் வருஷம் தவறாமல் காரில்தான் வேலூருக்குப் போவார்களாம். சதாரா, கோலாப்பூர், ஹூப்ளி என்று வழி நெடுக அவரே ஓட்டுவாராம், வேறு யாருக்கும் ஸ்டீயரிங்கைக் கொடுக்க மாட்டாராம். கார் இப்போது இல்லை. மூச்சு வாங்கி வாங்கி என்னிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்.

"ஓட்டணும் மேடம்... எங்கயாச்சும்."

அவர் மனைவி என்னைச் சமையலறைக்குக் கூட்டிப் போய் டீ கொடுத்தார். ஹாலில் ஓடும் மெஷின் சத்தம் அங்கேயும் கேட்டது. "தொந்தரவா இருக்கா?" என்று கேட்டேன்.

"தொந்தரவா? அட போங்கக்கா. இது ஓடுதுன்னாதான் எனக்கு இங்க கை வேலை செய்யும். நின்னா குக்கர் சத்தத்துலகூடக் கண்டுபுடிச்சிடுவேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வியாழக்கிழமைதான்க்கா பயம். லைட் போனா அவருக்கும் பதட்டமாயிடுது. பதட்டமானா மூச்சு ஏறிடுது. இன்வெர்ட்டர்ல ஓடுதுங்க, ஓடுதுங்கன்னு எவ்ளோ சொன்னாலும் கண்ணு அந்த மூலையிலயே இருக்கும். ஒரு தடவை அப்படி ஆனப்போ பாப்பா செல்லுல அந்த லாரி கேமைக் குடுத்தா. அதைப் பாத்துக்கிட்டே அமைதியாயிட்டாரு."

புனேயில் வியாழக்கிழமை என்றால் உங்களுக்குத் தெரியும். மின்வாரியத்தின் பராமரிப்பு வேலை நாள், எந்தப் பகுதியில் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. எனக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. மற்ற வீடுகளில் கரண்ட் போனால் கேம் நிற்கும். இந்த வீட்டில் கரண்ட் போனால்தான் கேம் வேண்டும்.

பால்கனியில் இருந்த இன்வெர்ட்டரைப் போய்ப் பார்த்தேன். அதைப் போட்டுக் கொடுத்த ஆளை அங்கிருந்தே போனில் பிடித்து, எவ்வளவு தாங்கும் என்று கேட்டேன். ஆக்சிஜன் மெஷினுக்கும் ஒரு ஃபேனுக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் வைத்திருந்தார். டிவியும் சின்ன கம்ப்யூட்டரும் சேர்ந்தால் தாங்கும், பெரிதாக எதையும் மாட்டிவிடாதீர்கள் என்றார். மாட்டினால் லோடு தாங்காமல் மொத்தமும் கட் ஆகிவிடும். அந்த மொத்தத்தில் அந்த மனிதரின் மூச்சும் சேர்த்தி.

கார்டு கிடையாது, இன்டக்ரேட்டட்தான் என்று நிவேதாவிடம் சொன்னேன். அவளுக்கு முகம் விழுந்துவிட்டது.

"ஆபீஸ் கம்ப்யூட்டர் மாதிரி ஆயிடும் ஆன்ட்டி."

"ஆகாது. நான் கட்டறேன், பாரு."

பெருமைக்குச் சொல்லவில்லை, அந்த மெஷினை நான் இழைத்து இழைத்துக் கட்டினேன். கேமில் எதை எதைக் குறைக்கலாம், எதில் கை வைக்கக் கூடாது என்று உட்கார்ந்து பார்த்தேன். ரோடு தெளிவாக இருக்க வேண்டும், வண்டி திக்காமல் ஓட வேண்டும். நிழல்களைக் குறைத்தேன், புல்லைக் குறைத்தேன், தூரத்துக் காட்சிகளை வெட்டினேன். சத்தம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. டிவிக்குக் கீழே ஒரு டிபன் டப்பா அளவுக்கு அடங்கி உட்கார்ந்துவிட்டது.

அவர் ஓட்டியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கேம்பேடை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, சிக்னலில் நின்று, இண்டிகேட்டர் போட்டு, ஒரு விதியை மீறாமல் ஓட்டுவார். கட்டில் ஓரத்தில் நிவேதா. "நான் டிரைவரு... இவ கிளீனரு" என்று அறிமுகப்படுத்தினார். கிளீனர் வழி சொல்ல வேண்டும், டிரைவருக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும். லாரி என்றால் திருஷ்டி கழிக்க வேண்டாமா என்று, பிளாஸ்டிக்கில் செய்த எலுமிச்சையும் மிளகாயும் வாங்கி வரச் சொல்லி மெஷினின் முன்பக்கத்தில் தொங்கவிட்டார். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவள். இருந்தாலும் காற்றுப் போகும் ஓட்டையை அது மறைக்காமல் நானே நகர்த்திக் கட்டிக் கொடுத்தேன்.

தூரத்துக் காட்சிகளை வெட்டியதில் ஒரு குறை இருந்தது. மலைகள் தூரத்தில் தெரியாது. வெறும் வானம்தான் இருக்கும், வண்டி கிட்டே போனதும் மலை திடீரென்று முளைத்து நிற்கும். அவர் அதைக் கவனித்துவிட்டார்.

"பாத்தீங்களா மேடம்... நாம வர்றதைப் பாத்துட்டுதான்... மலை எழுந்து நிக்குது... மரியாதை."

அவர் சிரித்தார், பிறகு இருமினார். நிவேதா சிரிக்கவில்லை. அப்பாவுக்கு முழு மலையைக் காட்ட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. அவருக்கு அதிக நாள் இல்லை என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நாள் குறைவாக இருக்கும்போது சுமாரான படத்தைக் கொடுத்து ஏமாற்றுகிறோமே என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. அதை நான் தப்பே சொல்ல மாட்டேன்.

கொஞ்ச நாளில் துபாயில் இருந்து அவளுடைய தாய்மாமன் வந்தார். அக்கா மகளுக்குப் பரிசாகக் கிராபிக்ஸ் கார்டு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். உடனே எனக்குப் போன் வந்தது. நான் போனேன். வியாழக்கிழமை காலை. நிவேதாவின் அப்பா வழக்கம் போல ஓட்டிக்கொண்டிருந்தார். நிவேதா கார்டைப் பெட்டியோடு என் கையில் கொடுத்தாள். நான் பெட்டியைத் திறக்காமலே கீழே வைத்தேன்.

"போட முடியாதும்மா."

"ஏன் மேடம்?" என்றார் மாமா. "பவர் பத்தலைன்னா பெரிய எஸ்எம்பிஎஸ் போட்டுக்கலாம். அது என் பொறுப்பு."

"மெஷினுக்குள்ள இருக்கற பவரைச் சொல்லலைங்க. பால்கனியில இருக்கறதைச் சொல்றேன்."

நிவேதாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "லைட் இருக்கும்போது மட்டும் விளையாடறோம் ஆன்ட்டி. லைட் போனா ஆஃப் பண்ணிடறேன். பிராமிஸ். நீங்க ஏன் எதுக்கு எடுத்தாலும் நக்கோ நக்கோங்கறீங்க? எங்க அப்பா ஒரு மலைகூடப் பாக்கக் கூடாதா?"

லைட் போகிற அந்த நொடியில் மெஷின் ஓடிக்கொண்டுதானே இருக்கும், நீ எழுந்து அணைப்பதற்குள் இன்வெர்ட்டர் மேல் எல்லாச் சுமையும் ஒன்றாக விழுந்துவிடுமே, என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அப்பா காதில் விழும்படி இதை எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். நீங்களும் ஒருநாள் இப்படி நிற்பீர்கள். கேட்பவளின் ஆசை நியாயமானது, உங்கள் கையில் பொருளும் இருக்கிறது, மாட்டுவது பெரிய வேலையும் இல்லை. அந்த நேரத்தில் முடியாது என்று சொல்வதுதான் நம் தொழிலிலேயே கஷ்டமான வேலை.

நான் வாயைத் திறப்பதற்குள் லைட் போய்விட்டது.

ஃப்ரிட்ஜ் நின்றது. சமையலறையில் மிக்சி பாதியில் நின்றது. அவர் மனைவி ஹாலுக்கு ஓடி வந்தார். நாங்கள் எல்லோரும் அந்த மூலையையே பார்த்தோம். 'ம்ம்ம்' என்ற சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது. டிவியில் லாரி ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. அவர் ஒருவர் மட்டும்தான் மூலையைப் பார்க்கவில்லை. திருப்பத்தில் இண்டிகேட்டர் போட்டுக்கொண்டிருந்தார்.

"கிளீனரு எங்க?" என்றார். "வழி சொல்ல... ஆளில்லை."

நிவேதா போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவள் தோள் குலுங்கியது. நான் சொல்ல நினைத்ததை எல்லாம் அவளே புரிந்துகொண்டுவிட்டாள். அவரும் எங்கள் பேச்சை முழுக்கக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"மலை மெதுவா எழுந்து வரட்டும்மா" என்றார். "நமக்கு என்ன... அவசரம்."

மாமா பால்கனிக்குப் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். கார்டு பெட்டியை நிவேதாவின் அம்மா எடுத்து அலமாரிக்குள் வைத்தார். நான் டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டேன். பஸ்சில் அழுதேன், அதை மறைப்பானேன்.

மழைக்காலம் முடியும் முன்பே அவர் போய்விட்டார். ஆஸ்பத்திரியில்தான், நெஞ்சில் சளி சேர்ந்து. கரண்டுக்கும் இன்வெர்ட்டருக்கும் அதில் சம்பந்தமே இல்லை. காரியத்துக்கு நானும் போயிருந்தேன். நிவேதா என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். அதன் பிறகு அந்த வீட்டில் இருந்து போன் வரவில்லை. நானும் பேசவில்லை. மெஷின் நன்றாக இருக்கிறதா என்று கேட்டுப் போன் செய்யும் வீடா அது?

பனிக்காலம் வந்த பிறகு ஒருநாள் அவளே கூப்பிட்டாள்.

"ஆன்ட்டி, அந்தக் கார்டு இருக்குல்ல. வந்து போட்டுத் தர்றீங்களா?"

"இன்வெர்ட்டர்..." என்று ஆரம்பித்தேன்.

"இப்ப இன்வெர்ட்டர்ல வேற லோடு இல்லை ஆன்ட்டி" என்றாள்.

எத்தனையோ கஸ்டமர்கள் எத்தனையோ விதமாக அழுது பார்த்திருக்கிறேன். இந்த ஒரு வரியைப் போல எதுவும் என்னை அடித்ததில்லை. சாமான்களை எடுத்துக்கொண்டு அன்றைக்கே போனேன்.

கட்டில் இல்லை. ஆக்சிஜன் மெஷினை வாடகைக்காரர்கள் எடுத்துப் போய்விட்டார்கள். ஹால் அநியாயத்துக்குப் பெரிதாக இருந்தது. பெரிய எஸ்எம்பிஎஸ்சும் கார்டும் அந்தச் சின்னக் கேபினட்டுக்குள் அடங்காது என்பதால் பெரிய கேபினட் கொண்டுபோயிருந்தேன். டிவிக்குக் கீழே அது நுழையவில்லை. காலியாகக் கிடந்த அந்த மூலையைக் காட்டினாள் நிவேதா. அங்கேயே வைத்தேன். எலுமிச்சையையும் மிளகாயையும் பழைய கேபினட்டில் இருந்து அவளே கழற்றிப் புதியதில் கட்டினாள்.

கேமைப் போட்டு, நான் வெட்டி வைத்திருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தேன். நிழல் வந்தது, புல் வந்தது. தூரத்தில், ரோடு முடியும் இடத்துக்கு அப்பால், மலைகள் வரிசையாக முதலிலேயே எழுந்து நின்றன. நிவேதா தரையில் உட்கார்ந்து கேம்பேடைப் பிடித்துக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

சுமை ஏறியதும் கார்டின் ஃபேன் வேகம் பிடித்தது. மாதக்கணக்கில் பெட்டிக்குள் கிடந்த கார்டு. அந்த மூலையில் இருந்து 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம் எழுந்து ஹால் முழுக்கப் பரவியது.

சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. அவள் அம்மா ஈரக் கையோடு ஓடி வந்து வாசற்படியில் நின்றார். கண் நேராக அந்த மூலைக்குப் போனது. பிறகு கட்டில் இருந்த இடத்துக்குப் போனது. பிறகு எங்களைப் பார்த்தார். நிவேதா பதறிப் போய்க் கேம்பேடைக் கீழே போட்டுவிட்டு மெஷினை அணைக்கக் கையை நீட்டினாள்.

"சாரிம்மா. சாரி. ஆன்ட்டி, கழட்டிடுங்க இதை—"

"இருடி" என்றார் அவள் அம்மா. "அணைக்காத. கொஞ்ச நேரம் ஓடட்டும்."

புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கட்டில் கிடந்த இடத்தில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். நிவேதா மறுபடியும் வண்டியை எடுத்தாள். இந்த முறை கிளீனரே ஓட்டினாள், மெதுவாக, இண்டிகேட்டர் போட்டு. ஃபேன் சத்தத்தைக் குறைக்கும் வேலை எனக்கு இன்னும் பாக்கி இருந்தது. நான் ஸ்குரூ டிரைவரைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

அந்தச் சட்டம் போட்ட பிறகு நம் கடையில் இருந்து சத்தம் குறைக்காமல் ஒப்படைத்த மெஷின் அது ஒன்றுதான். அடுத்த முறை கார்டு இல்லாத மெஷின் கேட்டு யாராவது வந்தால், சிரிப்பதற்கு முன்னால் அந்த வீட்டில் அதே கரண்டில் வேறு என்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்று போய்ப் பாருங்கள். இன்னொன்று, இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். முன்பக்கத்தில் பிளாஸ்டிக் எலுமிச்சையும் மிளகாயும் தொங்கும் ஒரு மெஷின் என்றைக்காவது வானவடியில் இருந்து சர்வீசுக்கு வரும். தூசி தட்டுங்கள், பிராசசர் மேல் தடவும் பேஸ்டை மாற்றுங்கள், ரேமைச் சுத்தம் பண்ணுங்கள். ஃபேனில் மட்டும் கை வைக்காதீர்கள்.